குல்மார்க்குக்கு ஒரு பகல் போதாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அரையாண்டு விடுமுறையும் கிறிஸ்துமஸும் நெருங்கிவிட்டால் களியக்காவிளையிலிருந்து கன்னியாகுமரி வரை கடைவீதிகளில் பனிமலைச் சுற்றுலா விளம்பரங்கள் தென்படத் தொடங்கிவிடுகின்றன. ஒரு தலைமுறைக்கு முன்பு நம் மாவட்டத்தில் பனிப்பொழிவைக் கண்ணால் கண்டவர்கள் என்றால் அவர்கள் பட்டாளத்தில் இருந்தவர்கள்தாம். இன்று ஆசிரியர்கள், ரப்பர் தோட்டக்காரர்கள், வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வந்தவர்கள், புதுமணத் தம்பதியர் என்று பலரும் காஷ்மீருக்கும் மணாலிக்கும் போய்வருகிறார்கள். மகிழ்ச்சியான மாற்றம்தான். ஆனால் நாட்டின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போய், பனியில் விளையாடாமலேயே திரும்பி வரும் வழக்கம் நம்மிடையே வேரூன்றிவருகிறது. அதைப் பற்றி உங்கள் வாசகர்களிடம் சில செய்திகளைச் சொல்ல விரும்புகிறேன்.

நான் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவன். பணிக்காலத்தில் காஷ்மீரின் பாரமுல்லா பகுதியில் குளிர்காலங்களைக் கழித்திருக்கிறேன். பனிச்சறுக்குப் பலகையைக் காலில் கட்டி நடக்கவும் சறுக்கவும் அங்கேதான் கற்றேன். ஓய்வுக்குப் பிறகு உறவினர்களுடன் சுற்றுலாப் பயணியாகவும் அதே இடங்களுக்குப் போயிருப்பதால், இரண்டு பக்கமும் எனக்குத் தெரியும்.

சுற்றுலா ஏற்பாட்டாளர்கள் போடும் வழக்கமான திட்டத்தில் தங்குவது ஸ்ரீநகரில் என்றும், ஒரு நாள் குல்மார்க், ஒரு நாள் பஹல்காம், ஒரு நாள் சோன்மார்க் என்றும் இருக்கும். காலைப் பலகாரம் முடிந்து வேன் கிளம்பவே எட்டரை ஆகிவிடும். குல்மார்க் மலையின் அடிவார ஊரான தங்மார்க்கில் இறங்கி, கோட்டும் கம்பூட்டும் வாடகைக்கு எடுத்து, அளவு சரியில்லை என்று மாற்றி, விலை பேசி முடிப்பதற்குள் முக்கால் மணி நேரம் போய்விடும். பனி அதிகமாக விழுந்திருந்தால், சக்கரத்தில் சங்கிலி கட்டிய உள்ளூர் வண்டிக்கு மாறித்தான் மீதி 13 கிலோமீட்டர் மலைப்பாதையை ஏற முடியும். மேலே சேரும்போது உச்சிவேளை நெருங்கிவிடும். கொண்டோலா எனப்படும் ரோப்காருக்கு வரிசையில் நின்று, ஏறி, இறங்கி, நூடுல்ஸ் சாப்பிட்டு நிமிர்ந்தால் வேன்காரர் கூப்பிடத் தொடங்கிவிடுவார். டிசம்பர் கடைசியில் அங்கே ஐந்தரைக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும் என்பதால் அவரைக் குறை சொல்லவும் முடியாது. இடையில் கிடைக்கும் நேரத்தில் சிலர் ஸ்லெட்ஜ் பலகையில் உட்கார, வேறொருவர் மூச்சு வாங்க அதை இழுத்துச் செல்வார். இன்னும் சிலர் ஸ்கீ எனப்படும் சறுக்குப் பலகையைக் காலில் மாட்டி, வழிகாட்டியின் கையைப் பிடித்துப் பத்தடி நகர்ந்து, படம் எடுத்து முடித்ததும் கழற்றிக் கொடுத்துவிடுவார்கள். ஊருக்கு வந்து ‘ஸ்கீயிங் செய்தோம்’ என்று சொல்வதற்கு அந்தப் பத்தடிதான் ஆதாரம்.

கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,650 மீட்டர் உயரத்தில் இருக்கும் குல்மார்க், உலகின் சறுக்கு வீரர்கள் பெயர் சொல்லித் தேடி வரும் இடம். அங்கிருந்து இடைநிலையமான கோங்தூரி வரை செல்லும் ரோப்காரின் முதல் கட்டம் 1998இல் தொடங்கியது; 2005இல் தொடங்கிய இரண்டாம் கட்டம் அப்பர்வத் மலையின் தோளில், 3,900 மீட்டருக்கும் மேலான உயரத்தில் கொண்டு விடுகிறது. நம் ராணுவத்தின் உயர்மலைப் போர்ப்பயிற்சிப் பள்ளியும் இங்கேதான் இருக்கிறது. 2020இல் மத்திய அரசின் முதல் கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகளின் பனிச்சறுக்குப் போட்டிகளும் இங்கேதான் நடந்தன. இத்தகைய இடத்தில் ஐந்து மணி நேரம் மட்டும் இருந்துவிட்டு, அதில் பாதியை வரிசையில் நின்றே கழிப்பது சரியா என்பதுதான் என் கேள்வி.

பனிச்சறுக்கு என்றால் தொலைக்காட்சியில் பார்க்கும் பாய்ச்சலும் குட்டிக்கரணமும் என்று பலர் நினைத்து ஒதுங்கிவிடுகிறார்கள். உண்மையில் முதல் நாள் பாடம் மிகவும் எளிமையானது. கெட்டியான பிளாஸ்டிக் பூட்ஸை மாட்டிக் கொக்கிகளை இறுக்கியதும் கணுக்கால் அசையாது; நடப்பதே விநோதமாக இருக்கும். பிறகு பூட்ஸை ஸ்கீயின் பிடிப்பில் அழுத்தினால் ‘டக்’கென்று மாட்டிக்கொள்ளும். கால் திருகும்படி விழுந்தால் அந்தப் பிடிப்பு தானே விட்டுவிடும்படி அமைத்திருப்பார்கள். விழுபவரின் எடையையும் திறமையையும் பார்த்து அதன் இறுக்கத்தைச் சரிசெய்ய வேண்டும் என்பதால், வாடகைக் கடைக்காரர் உங்கள் எடையைக் கேட்காமலேயே ஸ்கீயை நீட்டினால் நீங்களாகவே சொல்லிவிடுங்கள். அடுத்து, சரிவுக்குக் குறுக்கே நின்று நண்டு போலப் பக்கவாட்டில் படிப்படியாக மேலேறக் கற்றுத்தருவார்கள். விழுவதற்கும் எழுவதற்கும் தனிப் பயிற்சி உண்டு. பிறகுதான் முதல் சறுக்கல். இரு பலகைகளின் முனைகளையும் முன்னால் நெருக்கிப் பின்பகுதியை அகட்டினால் வேகம் குறையும். மேலும் அகட்டினால் நின்றுவிடும். இந்த ஒன்று கைவந்துவிட்டால் பாதி பயம் போய்விடும்.

புதியவர்கள் விழுவதற்குப் பெரும்பாலும் பயந்து பின்னால் சாய்வதே காரணம். பின்னால் சாய்ந்த உடனே ஸ்கீயின் முன்பகுதி எடை இழந்து சொன்ன பேச்சைக் கேட்காமல் ஓடும். முழங்காலைச் சற்று மடக்கி, முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பு பூட்ஸின் முன்நாக்கை அழுத்தும்படி முன்னோக்கி நிற்க வேண்டும். அலையில் வள்ளம் எழும்பும்போது முழங்காலைத் தளர்த்தி நிற்கும் குளச்சல் மீனவர் எவரையும் ஒரு நாள் அங்கே கொண்டு போய் நிறுத்தினால், வடநாட்டு இளைஞர்களைவிட அவர் விரைவாகக் கற்றுக்கொள்வார் என்பது என் துணிபு. நல்ல பயிற்றுநர் கிடைத்தால், ஓரளவு உடல்வலு உள்ள எவரும் மூன்று நான்கு நாட்களில் தொடக்கநிலைச் சரிவில் யாருடைய கையையும் பிடிக்காமல் இறங்கி, திருப்பி, நிறுத்திவிடலாம். இந்தி தெரியாதே என்ற தயக்கமும் வேண்டியதில்லை. ‘மடக்கு’, ‘அகட்டு’, ‘முன்னால் பார்’ என்ற மூன்று கட்டளைகளுக்குமேல் முதல் வாரத்தில் எதுவும் தேவைப்படுவதில்லை.

ஆகவே, மூன்று இடங்களை மூன்று நாளில் தொட்டுத் திரும்புவதை விட்டு, ஒரே இடத்தில் நான்கு இரவு தங்குங்கள். குல்மார்க்கில் அறை வாடகை அதிகம் என்றால் தங்மார்க்கில் தங்கிக் காலையில் ஏறலாம். முதல் நாள் உடல் பழகட்டும்; மெல்ல நடங்கள், பிள்ளைகள் பனியுருண்டை எறிந்து விளையாடட்டும். அங்கே பிரிட்டிஷ் காலத்துத் தூய மரியாள் தேவாலயம் ஒன்று பனிவெளியின் நடுவே நிற்கிறது. நம் மாவட்டத்தார் பலர் அதைப் பார்க்காமலேயே வந்துவிடுகிறார்கள் என்பது எனக்கு வியப்பாக இருக்கும். அடுத்த மூன்று நாளும் காலையில் பயிற்சி, மாலையில் ஓய்வு. பஹல்காமும் சோன்மார்க்கும் எங்கும் போய்விடாது; கோடையில் பார்த்துக்கொள்ளலாம்.

முறையாகக் கற்க விரும்பும் இளைஞர்களுக்கு அரசு நிறுவனங்களே இருக்கின்றன. குல்மார்க்கில் மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் இந்தியப் பனிச்சறுக்கு மற்றும் மலையேற்ற நிறுவனம், மணாலியில் அடல் பிகாரி வாஜ்பாயி பெயரிலான மலையேற்ற நிறுவனம், பஹல்காமில் ஜவாஹர் மலையேற்ற மற்றும் குளிர்கால விளையாட்டு நிறுவனம் ஆகியவை தொடக்கநிலைப் பயிற்சிகளை நடத்துகின்றன. உத்தராகண்டின் ஆலியில் கர்வால் மண்டல் விகாஸ் நிகம் என்ற மாநில அரசு நிறுவனம் 7 நாள், 14 நாள் வகுப்புகள் நடத்திவருகிறது. இப்படிப்பட்ட முகாம்களில் தங்கும் இடம், உணவு, கருவிகள் எல்லாம் பயிற்சியோடு சேர்ந்தே கிடைக்கும் என்பதால், தனித்தனியாகப் பேரம் பேசி அலைவதைவிட இது சிக்கனமானது. மருத்துவச் சான்று மட்டும் அவசியம் கேட்பார்கள்.

2025 ஏப்ரலில் பஹல்காமில் நடந்த படுகொலைக்குப் பிறகு, காஷ்மீர் என்றாலே வீட்டில் தடுப்பவர்கள் உண்டு. அந்த அச்சத்தை அலட்சியமாகப் பேச எனக்கு உரிமையில்லை. அப்படிப்பட்ட குடும்பங்கள் மணாலியை அடுத்த சோலாங் பள்ளத்தாக்கையோ ஆலியையோ தேர்ந்தெடுக்கலாம். ஆலியின் அடிவார ஊரான ஜோஷிமட்டில் நிலம் புதையத் தொடங்கியதையடுத்து 2023 ஜனவரியில் ஆலி ரோப்காரை நிறுத்திவிட்டார்கள். எனவே ஆலிக்குச் சாலை வழியாகப் போகும் திட்டத்தோடு கிளம்புவதே நல்லது.

காலத்தைப் பற்றி ஒரு முக்கியமான செய்தி உண்டு. கிறிஸ்துமஸ் அன்று குல்மார்க்கில் இடுப்பளவு பனி இருக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. அங்கே பனியைக் கொண்டு வருவது நம் வடகிழக்குப் பருவமழையன்று. மத்தியதரைக் கடல் பக்கத்திலிருந்து ஈரத்தைச் சுமந்து வரும் மேற்கத்திய இடையூறுகள் எனப்படும் காற்றழுத்தத் தாழ்வுகள்தாம். அவை வரவில்லை என்றால் குளிர் எவ்வளவு கடுமையாக இருந்தாலும் தரை காய்ந்தே கிடக்கும். 2024 ஜனவரியில் குல்மார்க் புல்வெளி பழுப்பாகக் கிடந்ததை நாடே செய்திகளில் பார்த்தது. 2025 பிப்ரவரியில் நடக்க வேண்டிய கேலோ இந்தியா பனிச்சறுக்குப் போட்டிகளைப் பனி போதாமல் மார்ச்சுக்குத் தள்ளிவைத்தார்கள். காஷ்மீரிகள் டிசம்பர் 21 தொடங்கி ஜனவரி இறுதி வரையுள்ள கடுங்குளிர் 40 நாளைச் ‘சில்லை கலான்’ என்பார்கள். ஏரியின் ஓரம் உறைவதும் குழாயில் தண்ணீர் கட்டிப்போவதும் அப்போதுதான். என்றாலும் சறுக்குவதற்குப் போதுமான கனத்தில் பனி படிந்து இறுகுவது பெரும்பாலும் ஜனவரி நடுவிலிருந்து பிப்ரவரி இறுதிக்குள். பள்ளிப் பிள்ளைகள் உள்ள குடும்பங்களுக்கு அரையாண்டு விடுமுறையைவிடப் பொங்கல் விடுமுறையோடு சில நாள் சேர்த்துக்கொள்வது மேல். பிள்ளைகள் வளர்ந்துவிட்ட என்னைப் போன்றவர்களுக்குப் பிப்ரவரி வசதி; கூட்டமும் குறைவு.

போகும் வழியைப் பொறுத்தவரை நமக்கு ஒரு நல்ல வசதி வாய்த்திருக்கிறது. வெள்ளிக்கிழமைதோறும் கன்னியாகுமரியில் புறப்படும் ஹிம்சாகர் விரைவுரயில், நாகர்கோவில், திருவனந்தபுரம் வழியாக 3,700 கிலோமீட்டருக்கு மேல் ஓடி, கிட்டத்தட்ட மூன்று நாளில் வைஷ்ணவதேவி கோயிலின் அடிவாரமான கட்ராவை அடைகிறது. முன்பெல்லாம் அதற்கு மேல் பனிஹால் வழியாகச் சாலைப் பயணம்தான். ராம்பன் பக்கம் மலை சரிந்தால் இரண்டு நாள் வண்டியிலேயே கிடந்த அனுபவம் பட்டாளத்துக்காரர்கள் எல்லாருக்கும் உண்டு. 2025 ஜூனில் கட்ராவுக்கும் ஸ்ரீநகருக்கும் இடையே வந்தே பாரத் ஓடத் தொடங்கியபின் அந்தத் தொல்லை பெரிதும் தீர்ந்துவிட்டது. ஆற்றிலிருந்து 359 மீட்டர் உயரத்தில் நிற்கும் செனாப் பாலத்தைக் கடந்து சுமார் மூன்று மணி நேரத்தில் பள்ளத்தாக்குக்குள் போய்விடலாம். வடக்கே மூடுபனிக் காலத்தில் ரயில்கள் பல மணி நேரம் தாமதமாகும் என்பதை மனத்தில் வைத்து, கட்ராவில் ஓர் இரவு தங்கும்படி திட்டமிடுங்கள்.

உடை விஷயத்தில் நம் மக்கள் செய்வது பெரும்பாலும் தலைகீழாக இருக்கிறது. உள்ளே பருத்திப் பனியனும் ஜீன்ஸும் போட்டு, மேலே வாடகைக் கோட்டை மாட்டிக்கொள்கிறார்கள். பருத்தி வியர்வையையும் உருகிய பனியையும் உறிஞ்சிக்கொண்டு உடம்போடு ஒட்டும். பிறகு எத்தனை கோட்டு போட்டாலும் நடுக்கம் நிற்காது. தோலோடு ஒட்டித் தெர்மல் உள்ளாடை, அதன்மேல் கம்பளி, எல்லாவற்றுக்கும் மேலே தண்ணீர் புகாத மெல்லிய சட்டை என்று அடுக்காகப் போட வேண்டும். சறுக்கும்போது உடம்பு சூடேறும். அப்போது நடு அடுக்கைக் கழற்றிப் பையில் வைத்துவிட வேண்டும். ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம். காலுறை கனமாக இருக்கிறதா என்பதைவிடக் காய்ந்திருக்கிறதா என்பதே முக்கியம். மாற்று ஜோடி ஒன்றை எப்போதும் பையில் வையுங்கள். பனியில் பட்டுத் தெறிக்கும் வெயில் கண்ணைப் புண்ணாக்கிவிடும் என்பதால், மேகமூட்டமாக இருந்தாலும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றக் கூடாது. கொண்டுபோகும் தேங்காய் எண்ணெய் முதல் நாளிலேயே கல்லாகிவிடும். உதட்டுக்கும் முகத்துக்கும் வேறு களிம்பு வாங்கிக்கொள்ளுங்கள்.

உயிர் சம்பந்தப்பட்ட சிலவற்றையும் சொல்லியாக வேண்டும். குளிருக்காக அறையைப் பூட்டி, உள்ளே கரி அடுப்பையோ காங்கிடி எனப்படும் காஷ்மீர்க் கணப்புச் சட்டியையோ எரியவிட்டுத் தூங்குவதுபோல் ஆபத்து வேறில்லை. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் கிடையாது, நிறமும் கிடையாது; தூக்கத்திலேயே குடும்பம் முழுவதையும் கொன்றுவிடும். தூங்கும் முன் நெருப்பை வெளியே வையுங்கள், சன்னலைச் சற்றுத் திறந்து வையுங்கள். குளிர் போக ஒரு மடக்கு என்று மது அருந்துவதும் தவறு; தோலுக்கு ரத்தம் பாய்வதால் சூடுபோலத் தோன்றும், உள்ளிருக்கும் சூடோ வெளியே போய்க்கொண்டிருக்கும். விரல்கள் வெளுத்து உணர்ச்சியற்றுப் போனால் பனியால் தேய்க்கவோ நெருப்பில் காட்டவோ கூடாது. வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்து மருத்துவரிடம் போக வேண்டும். இதய நோயும் கடும் ஆஸ்துமாவும் உள்ளவர்கள் ரோப்காரின் இரண்டாம் கட்டத்துக்கு மருத்துவரைக் கேட்காமல் ஏற வேண்டாம். கயிறும் கொடியும் நட்டுக் குறித்த சறுக்குப் பகுதியை விட்டு விலகவே வேண்டாம். 2024 பிப்ரவரியில் அப்பர்வத் சரிவுகளில் பனிச்சரிவு விழுந்து ரஷ்யர் ஒருவர் இறந்தார். அனுபவசாலிகளையே அந்த மலை விட்டுவைப்பதில்லை.

உடம்பைத் தயார் செய்வதற்கு எங்கும் போக வேண்டியதில்லை. சறுக்கில் முதலில் வலிப்பது தொடையும் முழங்காலும். பயணத்துக்கு ஒரு மாதம் முன்பிருந்தே மருந்துவாழ் மலையில் காலை நேரத்தில் ஏறி இறங்கினால் போதும்; ஏறுவதைவிட இறங்குவதில் கவனம் வையுங்கள், அதுதான் சறுக்குக்கு உதவும்.

தென்னாட்டார்க்குப் பனி ஒத்துவராது என்ற பேச்சை நான் ஏற்பதில்லை. 1998 நாகானோ முதல் 2018 பியோங்சாங் வரை ஆறு குளிர்கால ஒலிம்பிக்கில், பனிக்கட்டித் தடத்தில் சறுக்குவண்டியில் படுத்தபடி பாயும் லூஜ் போட்டியில் இந்தியாவுக்காக இறங்கிய சிவ கேசவன் பிறந்தது மணாலி பக்கம் என்றாலும், அவருடைய தந்தை கேரளத்தவர். குடகைச் சேர்ந்த பவானி தெக்கடா நெடுந்தூரப் பனிச்சறுக்கில் கர்நாடகத்துக்குத் தங்கம் வாங்கித் தந்திருக்கிறார். 2025 ஜனவரியில் லடாக்கின் லே நகரில் நடந்த கேலோ இந்தியா போட்டிகளில் பனித்தரை ஸ்கேட்டிங்கில் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் பதக்கங்களோடு திரும்பினார்கள். 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியாவின் ஒரே வீரராகப் போன ஆரிஃப் கான், குல்மார்க்கில் சறுக்குக் கருவிக் கடை வைத்திருந்தவரின் மகன். பனி அவருக்கு வாசலிலேயே இருந்தது. நம் பிள்ளைகளுக்கு அது மூன்று நாள் ரயில் தூரம். அந்த மூன்று நாளைக் கடக்க உதவ வேண்டியது பெரியவர்களின் பொறுப்பு.

ஆகவே மாவட்ட விளையாட்டு அலுவலகத்துக்கும் நம் கல்லூரிகளின் உடற்கல்வித் துறைகளுக்கும் உங்கள் நாளிதழ் வழியாக ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். என்.சி.சி. மாணவர்களை மலையேற்றப் பயிற்சிக்கு உத்தரகாசி வரை அனுப்பும் நாட்டில், ஆண்டுக்குச் சில மாணவ மாணவியரைத் தொடக்கநிலைப் பனிச்சறுக்குப் பயிற்சிக்கு அனுப்புவது ஆகாத காரியமன்று. நாகர்கோவில் அண்ணா விளையாட்டரங்கில் தேர்வு வைத்து, தொடைவலுவும் சமநிலையும் உள்ளவர்களைத் தேர்ந்தெடுக்கலாம்; கடற்கரைக் கிராமங்களிலிருந்தும் மலையோரத் தோட்டப் பகுதிகளிலிருந்தும் பிள்ளைகள் வந்தால் நல்லது. சுற்றுலா ஏற்பாட்டாளர்களும் ‘மூன்று நாளில் மூன்று இடம்’ என்ற திட்டத்தோடு, ஒரே இடத்தில் தங்கிக் கற்கும் திட்டம் ஒன்றையும் சேர்த்து அறிவிக்கலாம். ஆள் சேராது என்று அவர்கள் சொல்வார்கள். ஒரு பருவம் அறிவித்துப் பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.

மேற்கண்ட நிறுவனங்கள் குளிர்காலப் பயிற்சி அட்டவணைகளை முன்கூட்டியே வெளியிடுகின்றன. இடங்கள் சீக்கிரம் நிரம்பிவிடும். அந்த அறிவிப்புகளைத் தாங்கள் மாவட்டச் செய்திப் பக்கத்தில் வெளியிட்டால், ஆங்கில இணையதளங்களைத் தேடிப் பார்க்காத பெற்றோர்களுக்கும் தகவல் போய்ச் சேரும். பனிப்பகுதிகளில் பணியாற்றிய முன்னாள் படைவீரர்கள் தக்கலை, மார்த்தாண்டம், குளச்சல் வட்டாரங்களில் நிறையப் பேர் இருக்கிறோம். போகிறவர்களுக்கு உடை, உடற்பயிற்சி, பாதுகாப்பு ஆகியவை பற்றி அரை நாள் வகுப்பு எடுக்கக் கல்லூரிகள் அழைத்தால், கட்டணம் எதுவும் இல்லாமல் வந்து எடுத்துத் தருகிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற படைவீரர் ஒருவர்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.